எர்சீலியா நம்பிய ஒரே ஆள்

எர்சீலியா முட்டை வாங்கினால் அது ஒரு விசாரணை. டெஸ்டாச்சோ சந்தையில் ஒவ்வொரு முட்டையையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாள். காதோரம் வைத்து ஆட்டுவாள். பிறகு முட்டையை விட்டுவிட்டுக் கடைக்காரியின் முகத்தைப் பார்ப்பாள்.

"எப்பப் போட்டது?"

"இன்னிக்குக் காலையில, சோரா எர்சீலியா."

"நீ பக்கத்துல இருந்து பாத்தியா?"

ரோமில் எங்கள் பேட்டைகளில் நடுவயதுப் பெண்களை மரியாதையாக 'சோரா' என்போம். அந்த மரியாதைமேலும் எர்சீலியாவுக்குச் சந்தேகம் உண்டு. யாராவது வழக்கத்தைவிட இனிமையாகச் சோரா என்று கூப்பிட்டால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். காப்பிக்கடைக்காரன் சிக்கரியைக் கூட்டிக் கலக்குகிறான் என்பாள். கோடைக்காலப் பூசையில் சாமியார் நடுநடுவே சில வரிகளை விழுங்கிவிடுகிறார் என்பாள். அவள் புருஷன் ரெமோ மாடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்தான். சனிக்கிழமைகளில் வால் துண்டு கொண்டுவருவான். அதை மோந்து பார்த்து, "இது அறுத்த மாடா, தானாச் செத்த மாடா?" என்று கேட்பாள்.

"உன் கேள்விக்குப் பயந்து செத்த மாடு" என்பான் ரெமோ.

அப்படிப்பட்டவள் ஒரே ஒருவரை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை. அவர்தான் எங்கள் முதலாளி இவோ சாந்தாஞ்செலி. பெரிய வீட்டுப் பெண்களுக்கும் சினிமா நட்சத்திரங்களுக்கும் உடை செய்தவர். ஊரே அவரை 'மாயெஸ்த்ரோ' என்று குருவைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டது. நான் அவருடைய தையல்கூடத்தில் ஓரம் தைத்தவள், பெயர் தீனா. எர்சீலியா எங்கள் எல்லோருக்கும் தலைவி. மாயெஸ்த்ரோவின் கையில் கத்தரி இருந்தால் எர்சீலியாவின் வாயில் குண்டூசிகள் இருக்கும். அவர் துணியைத் தொட்ட இடத்தில் அவள் ஊசி குத்துவாள். இரண்டு பேரும் பேசாமலே ஒரு பொழுது முழுக்க வேலை செய்வார்கள்.

அந்த நம்பிக்கை வந்த கதையை அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். போருக்கு முன்னால் இருவரும் வேறொரு சீமாட்டியின் தையற்கடையில் வேலை பார்த்தார்கள். இவோ அப்போது மார்க்கே நாட்டுப்புறத்திலிருந்து புதிதாக வந்தவர், ஒரு சவரத்தொழிலாளியின் மகன். பேச்சில் ஊர் வாடை போகவில்லை. எல்லோரும் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். ஒரு நாள் கடையில் ஒரு முழுத் துண்டுப் பட்டு காணாமல் போயிற்று. கடைசியாக அதைத் தொட்டவள் எர்சீலியா. சீமாட்டி அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, உடுப்பைக் கழற்றிக் காட்டச் சொன்னாள். இவோ எழுந்து வந்தார்.

"அவங்கள அவுக்கச் சொல்றதா இருந்தா மொதல்ல என்னை அவுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டார். அப்புறம் செருப்பு. அப்புறம் பெல்ட்டில் கை வைத்தபோது சீமாட்டி கண்ணை மூடிக்கொண்டு போதும் போதும் என்று கத்தினாள். காணாமல்போன பட்டு, துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் விழுந்து கிடந்தது.

"அன்னைக்கு அவரு என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல தீனா" என்பாள் எர்சீலியா. "எடுத்தியா இல்லியான்னுகூடக் கேக்கல."

போர் முடிந்து இவோ தனியாகத் தொடங்கியபோது மருந்துக்கடைக்கு மேலே சின்ன வாடகை அறைகள். எர்சீலியா முதல் ஆளாக அங்கே போய்ச் சேர்ந்தாள். அவருக்குப் படம் வரைய அவ்வளவாக வராது. காடாத் துணியை உடம்பில் போட்டு, சுற்றி, கிள்ளி, வெட்டித்தான் ஒரு உடுப்பைக் கண்டுபிடிப்பார். ஒரு நடிகை அவர் செய்த கல்யாண உடுப்போடு கோயில் படியில் இறங்கி வந்தாள். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பிறகு கோமகள்கள் வந்தார்கள். தூதுவர்களின் மனைவிகள் வந்தார்கள். பிளாரன்ஸ் அரண்மனையில் வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும் பெரிய உடைக் காட்சியில் இடம் கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து கடைக்காரர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மருந்துக்கடை மாடி போய், ஸ்பானியப் படிக்கட்டுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு வைத்த வீடு வந்தது. நான் சேர்ந்தது அந்த வீட்டில்தான்.

புகழ் ஏறிய வேகத்திலேயே கொஞ்சம் சறுக்கவும் செய்தது. ஒரு குளிர்காலக் காட்சிக்கு வந்த அமெரிக்கர்கள் கைதட்டிவிட்டு எதுவும் வாங்காமல் போனார்கள். அடுத்த கோடையிலும் அப்படியே. மிலான் பத்திரிகைக்காரன் ஒருவன், சாந்தாஞ்செலி போன வருஷத்துச் சாந்தாஞ்செலியைப் பார்த்துத் தைக்கிறார் என்று எழுதினான். மாயெஸ்த்ரோ அதைக் கிழித்துப் போட்டார். பிறகு கிழித்த துண்டுகளை மேசைமேல் சேர்த்துவைத்து மறுபடி படித்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த வருஷம் பிளாரன்ஸ் காட்சிக்கு அவர் ஒரு கோட் செய்தார். கடுகு நிறக் கம்பளி. காலர் கிடையாது. முன்பக்கம் ஒட்டி நிற்கும். முதுகுப்பக்கம் தோளிலிருந்து தளர்ந்து இறங்கும். எங்கள் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. காட்சிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு காலை எர்சீலியா பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"நாசியோனாலே வீதிக் கடைக் கண்ணாடியில தொங்குது" என்றாள்.

"என்னது?"

"நம்ம கோட்டு."

ஆயத்த உடை விற்கும் பெரிய கடை அது. மட்டமான கம்பளி, மட்டமான பட்டன். ஆனால் காலர் இல்லை. முதுகு தோளிலிருந்து தளர்ந்து இறங்கியது. மாயெஸ்த்ரோ கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "என் வீட்டுக்குள்ள இருந்து" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "என் வீட்டுக்குள்ள இருந்தே எடுத்துட்டாங்க."

மறுநாளே ஜன்னல்களில் பழுப்புக் காகிதம் ஒட்டினார்கள். எங்கள் வெள்ளை மேலங்கிகளின் பைகளை எங்கள் கையாலேயே தைத்து மூடச் சொன்னார்கள். வாசலில் ஒரு முன்னாள் போலீஸ்காரன் உட்கார்ந்து பைகளைச் சோதித்தான். என் சாப்பாட்டுப் பாத்திரத்தில் முள்கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்தான். "என்னய்யா, பாஸ்தாவுக்குள்ள கோட்டா இருக்கும்?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வேலை செய்யும்போது பாடுவதை நிறுத்திவிட்டோம். யார் கழிப்பறையில் ரொம்ப நேரம் இருக்கிறாள், யார் புதுச் செருப்பு போட்டிருக்கிறாள், யாருக்குத் தொலைபேசி வருகிறது என்று ஒருத்தியை ஒருத்தி கவனித்தோம். இஸ்திரி போடும் பியெரீனா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள் என்பதற்காக நான் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. அவள் பார்த்தது சுவர்க் கடிகாரத்தை.

எர்சீலியாவின் இயல்புக்கு இது தீனி. வாயில் குண்டூசியோடு கூடத்தின் நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். கடைசியில் அவள் கண் அல்பாமேல் போய் நின்றது.

அல்பா உடுப்புகளுக்குக் கை வைத்துத் தைப்பவள். கர்பதெல்லாப் பேட்டைக்காரி. வாயாடி, நல்ல குரல், எங்கள் பாட்டுக்கெல்லாம் அவள்தான் ஆரம்பம். அவளுக்கு நிச்சயமான பையன் சாந்த்ரோ. அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாரும் கேட்டதில்லை. எர்சீலியா ஒரு மாலை அவன் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே பஸ் ஏறிப் போய்க் கண்டுபிடித்தாள். நாசியோனாலே வீதியில், அதே கடையில், அவன் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு உடுப்பு மாட்டுகிறவன்.

அவள் நேராக மாயெஸ்த்ரோவிடம் போய்ச் சொன்னாள். சற்று நேரத்தில் அல்பாவைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"உன் பையன் எங்க வேலை பாக்கறான்?" என்றாள் எர்சீலியா.

"கடையில."

"எந்தக் கடையில?"

அல்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "சோரா எர்சீலியா, அவன் பொம்மைக்குச் சட்டை மாட்டுறவன். அவங்க குடுக்கறத மாட்டுறான். நான் அவங்கிட்ட ஒண்ணுமே..."

"அப்புறம் ஏன் மறச்ச?"

"நீங்க கேக்கலியே! கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." அவள் மாயெஸ்த்ரோ பக்கம் திரும்பினாள். "மாயெஸ்த்ரோ, எங்கம்மா சத்தியமா சொல்றேன். உங்களுக்கே என்னைத் தெரியும். நீங்களாவது சொல்லுங்க."

மாயெஸ்த்ரோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் காகிதம் ஒட்டியிருந்ததால் பார்க்க ஒன்றும் இல்லை.

"போம்மா" என்றார். "வீட்டுக்குப் போ."

அல்பா தன் கத்தரியை மட்டும் எடுத்துக்கொண்டாள். வாசலில் அந்தக் கத்தரியையும் வாங்கிச் சோதித்தார்கள்.

சாந்தாஞ்செலி வீட்டில் திருட்டு என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. பிளாரன்ஸில் அன்றைக்கு இடம் கிடைக்காமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்களாம். திருடர்கள் உயிரைக் கொடுத்துத் திருடும் கோட் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்த கூட்டம். கடுகுக் கோட் மேடைக்கு வந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அமெரிக்கர்கள் அதையும் வாங்கினார்கள், அதோடு வந்த எல்லாவற்றையும் வாங்கினார்கள். திரும்பி வந்த மாயெஸ்த்ரோ எங்கள் எல்லோர் முன்னாலும் எர்சீலியாவின் இரண்டு கைகளையும் முத்தமிட்டார்.

அல்பாவை அதன்பிறகு ரோமில் எந்த நல்ல உடைவீடும் சேர்த்துக்கொள்ளவில்லை. செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. சாந்த்ரோவையும் கடையில் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவன் வேலையை விட்டுவிட்டுத் தூரின் நகரத்துக் கார் தொழிற்சாலைக்குப் போனான். அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

அடுத்த கோடைக்காட்சிக்கான வேலை தொடங்கியது. மே மாதத்து மதியம் ஒன்று. மாடல் பெண்ணுக்குப் பல்வலி, வரவில்லை. மாயெஸ்த்ரோவும் எர்சீலியாவும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மரப்பொம்மைமேல் ஒரு வெள்ளை மாலை உடுப்புக்குக் காடாத் துணி போட்டார்கள். அவர் இடது தோளில் துணியை அள்ளி, மடித்து, பெரிய சிறகுபோல ஒன்று வைத்தார். எட்டி நின்று பார்த்தார்.

"வாத்து" என்றார். பிய்த்து எறிந்தார். எர்சீலியா அந்தத் துண்டை அங்கேயே பொடிப்பொடியாக வெட்டிக் குண்டூசித் திண்டுக்குள் திணித்துத் தைத்துவிட்டாள். அவளுக்கு இருந்த பயம் அப்படி.

ஜூனில் மிலான் வாரப்பத்திரிகை ஒன்றில் படம் வந்தது. சாந்தாஞ்செலி பிளாரன்ஸில் காட்டப்போவது இதுதான் என்று தலைப்பு. நீண்ட வெள்ளை உடுப்பு. இடது தோளில் ஒரு சிறகு.

கூடத்தில் மறுபடி கூச்சல். மறுபடி காகிதம், மறுபடி சோதனை. "அல்பா போயிட்டாளே, இப்ப யாரு?" என்று பியெரீனா சத்தமாகவே கேட்டாள். எல்லோரும் எர்சீலியாவைப் பார்த்தோம். அவள் பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். 

அந்தச் சிறகு உலகத்தில் இருந்தது ஒரு நிமிஷம். அதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர்.

அவள் முதலில் தன்னையே சந்தேகப்பட்டாள். வீட்டுக்குப் போய் ரெமோவைக் கேட்டாள்:

"நான் தூக்கத்துல பேசறேனா?"

"பேசுவே."

"என்ன பேசுவேன்?"

"ஊசி குடு, ஊசி குடுன்னுவே. ஒரு நாள் என் காதுல குத்தப் பாத்தே."

"சிறகுன்னு ஏதாவது?"

"கோழியா?"

பிறகு ரெமோவையே சந்தேகப்பட்டாள். பத்திரிகைக்காரன் எவனாவது இறைச்சி வாங்க வந்து பேச்சுக் கொடுத்தானா என்று துருவித் துருவிக் கேட்டாள். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். மறுநாள் எர்சீலியா சீக்கிரமாக வேலைக்கு வந்து அறைக்கு வெளியே மண்டியிட்டுச் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். திரைச்சீலைதான் தெரிந்தது. ஜன்னல் காகிதத்தை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தாள். ஒரு இடத்திலும் கிழிசல் இல்லை. மரப்பொம்மையைத் தவிர எல்லோரையும் விசாரித்து முடித்த பிறகுதான், விசாரிக்காத அந்த ஒருவர் மிச்சம் என்று தெரிந்தது.

அவர் வந்ததும் கதவைச் சாத்தினாள். அந்தப் பேச்சைப் பிற்பாடு அவள் என்னிடம் சொன்னபடி சொல்கிறேன்.

"சிறகை யாருக்குச் சொன்னீங்க, மாயெஸ்த்ரோ?"

"எந்தச் சிறகு?"

"வாத்து."

 அவர் சிரித்தார். அகப்பட்டுக்கொண்ட ஆளின் சிரிப்பாக அது இல்லை, சலித்துப்போன சிரிப்பு. உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தார்.

"பத்திரிகைக்காரனுக்கு. சாப்பிட்டுக்கிட்டே வாயால சொன்னேன். அவன் ஆள வச்சு வரைஞ்சுக்கிட்டான். வேணாம்னு தூக்கிப்போட்டதத்தானே குடுத்தேன் எர்சீலியா? நல்லதைக் குடுக்கலியே."

"கோட்டு?"

"அதையும் நான்தான் குடுத்தனுப்பினேன்."

"ஏன்?"

"ஏன்னு கேக்கறியா? பாரிஸ்ல ஒவ்வொரு உடைவீட்டு வாசல்லயும் காவல் நிக்குது. உள்ள என்னமோ இருக்குன்னு உலகம் நெனைக்குது. என் வாசல்ல யாரு நின்னா? ஒருத்தன் திருடணும்னு நெனைக்காத உடுப்பை எவ வாங்குவா? ரெண்டு சீசன் நான் எப்படிச் செத்தேன்னு உனக்குத் தெரியும். நீதானே பக்கத்துல நின்னே."

 மருந்துக்கடை மாடியை விட்டு வந்தபிறகு இத்தனை வருஷத்தில் எர்சீலியா அவரை 'நீ' என்று பேசியதில்லை. அன்று பேசினாள்.

"இவோ, அந்தப் பொண்ணு உன்னப் பாத்து, நீங்களாவது சொல்லுங்கன்னு கேட்டா. நீ ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்னே."

"அவ பேரை எங்கிட்டக் கொண்டுவந்தது யாரு?" என்றார் அவர். "நானா ஒருத்தி பேரையும் சொல்லல. நீ கொண்டுவந்தே. நீ பஸ் ஏறிப் போய்க் கண்டுபிடிச்சுக் கொண்டுவந்தே. நான் இல்லேன்னு சொன்னா அப்புறம் யாருன்னு கேப்பே. என்ன பண்ணச் சொல்றே?"

 "அன்னைக்கு நீ சட்டையக் கழட்டினியே" என்று மட்டும் சொன்னாளாம். அவருக்கு அது எந்த நாள் என்று நினைவு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கர்பதெல்லாவுக்குப் போனாள். அல்பா அப்போது சாமியார்களின் பூசை அங்கி தைக்கும் கடையில் கூலிக்கு இருந்தாள். வீட்டிலும் ஊதா அங்கிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. எர்சீலியா வாசலில் நின்றே சொன்னாள்.

"நீ எடுக்கல. எனக்குத் தெரியும். எடுத்தது அவரேதான். உன் பேரைச் சொன்னது நான்."

அல்பா ஊசியை நிறுத்தாமல் கேட்டாள். "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. மன்னிச்சுக்கோன்னு சொல்ல வந்தேன்."

"யாரு அனுப்பினா?"

"யாரும் அனுப்பல."

"மறுபடி ஏதோ தொலைஞ்சிருக்கு. பேப்பர்ல பாத்தேன். என் வாயால என்ன வருதுன்னு பாத்துட்டு வரச் சொன்னாரா? மாயெஸ்த்ரோவே திருடினாருன்னு நான் சொல்லணும், நீங்க போய் அங்க ஒப்பிக்கணும், அவரு என்மேல கேஸ் போடணும். அதானே?"

"அல்பா, சத்தியமா..."

"சத்தியம் நானும் பண்ணேன் சோரா எர்சீலியா" என்றாள் அல்பா. கதவைச் சாத்தினாள்.

வாழ்நாள் முழுக்கப் பிறர் சொல்வதை நம்பாதவள், தான் சொன்ன நிஜத்தை ஒருத்தி நம்பாமல் போனதை அன்றுதான் அனுபவித்தாள். பஸ்ஸில் ஏறாமல் நடந்தே டெஸ்டாச்சோ போய்ச் சேர்ந்தாள் என்று ரெமோ சொன்னான்.

பிளாரன்ஸுக்குக் கிளம்பும் முன்னால் எங்கள் உடைவீட்டில் ஒரு வழக்கம். மாயெஸ்த்ரோ தையல்கூடத்துக்கு இறங்கி வருவார். எல்லோருக்கும் இனிப்பு ஒயின் ஊற்றுவார்கள். அவர் நாலு வார்த்தை பேசுவார். அந்த வருஷமும் வந்தார். கோப்பையைத் தூக்கினார். எர்சீலியா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் திண்டில் குத்திவிட்டு, "மாயெஸ்த்ரோ, கோட்டை யார் எடுத்தான்னு இவங்ககிட்டச் சொல்லுங்க" என்றாள்.

 அவர் மறுப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். மறுத்தால் எடுத்துச் சொல்ல அந்தச் சிறகின் கதை அவளிடம் இருந்தது. ஆனால் அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"யாரும் எடுக்கல பிள்ளைங்களா. நானே குடுத்தேன். ஒரு கோட்டைக் குடுத்து உலகத்தையே வாசலுக்கு இழுத்தேன். எப்படி?"

 எங்களில் ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி கைதட்டினாள். "அட கெட்டிக்கார மனுஷா!" என்று வெட்டுமேசையிலிருந்து ஒரு குரல். பாதிக் கூடம் சிரித்துக் கைதட்டியது. தைத்து மூடிய பைகளோடு நின்றபடியே கைதட்டினார்கள். தங்களில் யாரும் திருடி இல்லை என்ற நிம்மதி அவர்களுக்கு.

எர்சீலியா அதை எதிர்பார்க்கவில்லை. கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள்.

"அல்பா?" என்றாள்.

அப்போதுதான் சிரிப்பு நின்றது. பியெரீனா தன் கோப்பையை இஸ்திரி மேசையில் வைத்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். நானும் என் கோப்பையை வைத்தேன்.

"நாளைக்கே வரச் சொல்லு" என்றார் மாயெஸ்த்ரோ. "வேலை இருக்கு. அவ இடம் அப்படியே இருக்கு."

"நீங்க போய்ச் சொல்லுங்க."

"எர்சீலியா, எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

அந்த வருஷத்து வெள்ளை உடுப்பு, சிறகு இல்லாதது, அவருடைய பெரிய வெற்றிகளில் ஒன்று. அதன் ஒவ்வொரு ஊசியும் எர்சீலியா குத்தியது. பிளாரன்ஸ் வரை போய், அதை மாடல் பெண்ணுக்கு மாட்டி, மேடைக்கு அனுப்பிவிட்டுத் தன் மேலங்கியைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தாள். கைதட்டல் கேட்கும்போது அவள் ரயில் நிலையத்தில் இருந்தாள். அவர் பூ அனுப்பினார், காரை அனுப்பினார், ஒரு முறை ரெமோவைப் பிடித்துப் பேசச் சொன்னார். "அவகிட்டப் பேசறது மாட்டோட பேசறதவிடக் கஷ்டம்" என்று ரெமோ சொல்லிவிட்டான்.

அவள் வீட்டிலேயே தைக்க ஆரம்பித்தாள். கல்யாண உடுப்பு, கோட் மாற்றித் தைப்பது, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை உடை. மறு வருஷம் ஒரு நாள் அல்பா வந்து வாசலில் நின்றாள். பூசை அங்கிக் கடையை மூடிவிட்டார்களாம்.

"வேலை இருந்தா பாக்கறேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. நான் உங்களை நம்பி வரல."

"நானும் உன்னை அப்படிக் கேக்கல" என்றாள் எர்சீலியா. "உடுப்புக்குக் கை வைக்க உன்னைவிட நல்ல ஆள் எனக்குத் தெரியாது. ஏறி வா."

இரண்டு பேரும் பல வருஷம் ஒரே மேசையில் தைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போனால் காப்பி கிடைக்கும், சண்டையும் கிடைக்கும். அல்பா துணி எடுத்தால் எர்சீலியா அளந்து பார்ப்பாள். எர்சீலியா ஏதாவது சொன்னால் அல்பா என்னிடம் திரும்பி, "நெசமா?" என்று கேட்பாள். ஆனால் பாட்டு மறுபடி ஆரம்பித்திருந்தது.

மாயெஸ்த்ரோ ஏறிக்கொண்டே போனார். வாசனைத் திரவியம், கழுத்துத் துணி, மூக்குக்கண்ணாடி என்று எல்லாவற்றிலும் அவர் பெயர். திருட்டுக் கதையைப் பேட்டிகளில் அவரே சொல்லிச் சிரித்தார். பேட்டி எடுத்தவர்களும் சிரித்தார்கள். பிறகு காலம் மாறியது. பெண்கள் தையல்காரர் வீட்டுக்குப் போய் மணிக்கணக்கில் நிற்பதை விட்டுவிட்டு, கடையில் தொங்குவதை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். நான் இருந்த தையல்கூடத்தில் பாதி நாற்காலிகள் காலியாயின.

அப்போதுதான் அவருடைய உதவியாளன் ஒருவன், வலது கையாக இருந்தவன், ஒரு காட்சிக்கான மொத்த உடுப்புகளின் மாதிரிகளையும் சுருட்டிக்கொண்டு வேறொரு உடைவீட்டுக்குப் போய்விட்டான். அந்த வீடு அவற்றை அவருக்கு முன்னாலேயே காட்சியில் காட்டிவிட்டது. மாயெஸ்த்ரோ போலீசுக்குப் போனார். "மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்களாம். பத்திரிகைகள் கிழட்டு நரியின் பழைய தந்திரம் என்று எழுதின.

ஒரு மதியம் அவர் டெஸ்டாச்சோவில் எர்சீலியாவின் படி ஏறி வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். மூச்சு வாங்கியது. அல்பா தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை. எர்சீலியா நாற்காலி போட்டாள், காப்பி வைத்தாள்.

"இந்தத் தடவை நெசம் எர்சீலியா" என்றார். "நீ என்னை நம்பறியா?"

எர்சீலியா அவரையே பார்த்தாள். முட்டையைப் பார்ப்பதைவிட ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நம்பறேன்" என்றாள்.

"அப்ப பத்திரிகைக்காரங்ககிட்டச் சொல்லு. உன்ன அவங்களுக்குத் தெரியும்."

"நான் சொன்னா யாரு நம்புவா இவோ? உங்கூட நின்னவதானே நானும்."

அவர் காப்பியை முழுக்கக் குடித்தார். கிளம்பும்போது இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். "அல்பா" என்றார். அவள் நிமிரவில்லை. அவர் படி இறங்கிப் போனார். எர்சீலியா ஜன்னலுக்குப் போய், அவர் தெருவைத் தாண்டும்வரை நின்றாள்.

"நல்லா நடிக்கிறாரு" என்றாள் அல்பா.

"நடிப்பு இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? போன தடவையும் தெரிஞ்சுதா?"

அன்று தொடங்கிய அந்த வாதம் நிற்கவே இல்லை. மாயெஸ்த்ரோ வீட்டை மூடினார். சில வருஷம் கழித்து இறந்துபோனார். சாவுக்கு எர்சீலியா கறுப்பு உடுத்திப் போனாள். பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அல்பா போகவில்லை. வால் குழம்பு கொதிக்கும்போதும், காஜா எடுக்கும்போதும் அதே பேச்சு: அந்தக் கடைசித் திருட்டு நிஜமா, பொய்யா. உலகத்தையே சந்தேகப்பட்டவள் நிஜம் என்றாள். மற்றவள் பொய் என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து எனக்கு உண்மை தெரிந்தது. அந்த இன்னொரு உடைவீட்டில் வேலை பார்த்த பெண் ஒருத்தியைச் சந்தையில் சந்தித்தேன். சாந்தாஞ்செலி வீட்டு மாதிரிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதையும், உதவியாளன் அவற்றைத் தன் கையால் பிரித்துக் கொடுத்ததையும் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். நேராக டெஸ்டாச்சோ போய் இரண்டு பேரிடமும் சொன்னேன். எர்சீலியா தலையை ஆட்டிவிட்டுத் துணியைத் திருப்பிப் போட்டாள். 

அல்பா இயந்திரத்தை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றி என்னையே உற்றுப் பார்த்தாள்.

"யாரு அவ?" என்றாள். "அவ எதுக்கு உங்கிட்ட வந்து இதச் சொல்றா?"